புழக்கடை

புழக்கடை: வீட்டின் பின்பக்கம், கொல்லை. இதன் திருந்திய வடிவம் 'புழைக்கடை'. 'புழை' என்றால் துளை, சிறு வாயில்; 'கடை' என்றால் வாசல். முதல் வாயிலைத் 'தலைக்கடை' என்பதிலும் இந்தக் 'கடை'தான் உள்ளது. பின்புறச் சிறுவாசலைக் குறித்த பெயர், அதை ஒட்டிய நிலத்துக்கும் ஆகிவந்தது. 'புறக்கடை' என்றும் வழங்கும். 'புழங்கும் இடம்' என்று பொருள் சொல்வோரும் உண்டு. ஒலி பொருந்தினாலும் பிரிப்பு 'புழை + கடை' என்பதே.

பழவேற்காட்டு ஏரியோர மீனவர் ஊர்களில் புழக்கடையின் அருமை மண்ணைப் பார்த்தால் விளங்கும். இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி இது. ஐப்பசி, கார்த்திகை மழையில் ஏரியின் உப்பு தணியும், கோடையில் ஏறும். மணலுக்குள் இறங்கிய மழைநீர், கனமான உப்புநீரின்மேல் மெல்லிய அடுக்காக நிற்கும். ஆழமில்லாத கிணற்றில் அளவாக இறைத்தால் நல்ல நீர். மிஞ்சி இறைத்தால் உவர்ப்பு மேலேறிவிடும். அதனால் இங்கே தோட்டம் போடுவதே நீரை அளந்து செலவிடும் கலை. மணலில் ஈரம் தங்காது. குழியில் மக்கிய சாணமும் இலைச்சருகும் இட்டு நட வேண்டும். தென்னை ஓரளவு உப்பைத் தாங்கும்; முருங்கைக்கு மணல் பிடிக்கும், தண்ணீர் தேங்கினால்தான் ஆகாது. பாத்திரம் அலசிய நீர் வீணாகாமல் வேருக்குப் போக, அடுப்படியை ஒட்டிய நிலமே வசதி. குழம்புக்கு முருங்கைக்காய் பறிக்கவும் அந்தச் சிறுவாசலைத் தாண்டினால் போதும். சிறிய வாசல்தான், குடும்பத்தின் பாதி உணவு மணம் அதன் வழியாகவே வீட்டுக்குள் வருகிறது.