பன்வில மலைப்பாதையும் மின்சார மோட்டார் சைக்கிளும்

எரிபொருள் நிலையங்களின் முன்னால் இரவு பகலாக வரிசையில் நின்ற 2022 ஆம் ஆண்டை நாம் எளிதில் மறந்துவிட முடியாது. 2021 டிசம்பரில் 177 ரூபாவாக இருந்த 92 ஒக்ரேன் பெற்றோல் லீற்றர் ஒன்றின் விலை 2022 ஜூனில் 470 ரூபாவைத் தொட்டது. பின்னர் வந்த கியூஆர் முறையில் மோட்டார் சைக்கிளுக்கு ஆரம்பத்தில் வாரத்துக்கு 4 லீற்றர் மாத்திரமே கிடைத்தது. பன்வில, மடுல்கலைப் பகுதிகளிலிருந்து வத்தேகம வழியாகக் கண்டிக்குத் தொழிலுக்குச் செல்லும் ஆசிரியர்களும் கடை ஊழியர்களும் தோட்டப்புற இளைஞர்களும் அன்று பட்ட சிரமம் சொல்லிமாளாதது.

மின்சார மோட்டார் சைக்கிள் மீதான ஆர்வம் அந்த அனுபவத்தால் பெருகியது. 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட தனியார் வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில் மீண்டும் அனுமதிக்கப்பட்டதால் தெரிவுகளும் கூடியுள்ளன. ஆயினும், வாங்குவதற்கு முன்னர் அதன் பாகங்கள் எங்கிருந்து வருகின்றன என்பதை நாம் அறிந்திருத்தல் அவசியமாகும்.

மலையேறுமா என்பதே பலரது முதற் கேள்வி. வண்டியும் ஓட்டுநருமாக 150 கிலோ எடை 300 மீற்றர் உயரம் ஏறுவதற்குத் தேவையான சக்தி, கணக்கின்படி ஒரு மின் அலகில் ஏறத்தாழ எட்டிலொரு பங்குதான். உராய்வு, வெப்பம் முதலிய இழப்புகளால் உண்மையில் இதனைவிடக் கூடுதலாகச் செலவாகும். ஆகவே சிக்கல் சக்தியின் அளவில் இல்லை. செங்குத்தான ஏற்றத்தில் நீண்ட நேரம் உழைக்கும்போது வலுக்குறைந்த மோட்டார் சூடேறிவிடும். சமதரைக்கெனக் கூறப்படும் தூரத்தையும் மலைப்பாதையில் எதிர்பார்க்க இயலாது. இறக்கத்தில் பிரேக்கின் தரமும், மழைக்காலத்தில் மின் இணைப்புகளுக்குள் நீர் புகாத பாதுகாப்பும் முக்கியமானவை.

இவ்வண்டியின் விலையில் பெரும்பங்கு பற்றரிக்கே உரியது. அதற்கான லித்தியம் பெருமளவில் அவுஸ்திரேலியாவிலும் சிலியிலும் எடுக்கப்படுகின்றது. சிலவகைப் பற்றரிகளுக்கு வேண்டிய கோபால்ற்றின் பெரும்பகுதி கொங்கோ ஜனநாயகக் குடியரசிலிருந்து வருகின்றது. கோபால்ற் தேவைப்படாத இரும்பு பொஸ்பேற் வகைப் பற்றரிகளில் மிகப் பெரும்பாலானவை சீனாவில் உற்பத்தியாகின்றன. மோட்டாரின் உள்ளே இருக்கும் நியோடிமியம் காந்தங்களும் அவ்வாறே. 2025 ஏப்ரலில் சீனா சில அருமண் உலோகங்களினதும் காந்தங்களினதும் ஏற்றுமதியைக் கட்டுப்படுத்தியபோது இந்தியத் தொழிற்சாலைகளே தடுமாறின. ஓசூரிலும் கிருஷ்ணகிரி மாவட்டத்திலும் மின்சார ஸ்கூட்டர் ஆலைகள் பல இயங்குகின்ற போதிலும், அவையும் இச்சங்கிலியிலிருந்து முழுமையாக விடுபடவில்லை.

இச்சங்கிலியில் இலங்கைக்கு இடமே இல்லையா? கேகாலை மாவட்டத்தின் போகலையிலும் குருநாகல் மாவட்டத்தின் கஹட்டகஹவிலும் தோண்டப்படும் நரம்புவகைக் காரீயம், வணிக அளவில் இலங்கையில் மட்டுமே கிடைப்பது. பற்றரியின் எதிர்மின்முனை காரீயத்தினாலேயே ஆக்கப்படுகின்றது. எனினும் உலகின் பற்றரித் தொழில் பெரும்பாலும் செயற்கைக் காரீயத்தையும் செதில்வகைக் காரீயத்தையுமே பயன்படுத்துகின்றது. அவற்றைப் பதப்படுத்துவதிலும் சீனாவே முன்னிற்கின்றது. மண்ணில் வளம் இருப்பது வேறு. அதனைப் பதப்படுத்தும் அறிவும் ஆலையும் இருப்பது வேறு.

ஆகவே வாங்குவோர் வண்டியின் பெயரைவிடச் சில கேள்விகளுக்கே முதலிடம் கொடுத்தல் வேண்டும். பற்றரி எந்த வகை, உத்தரவாதம் எத்தனை ஆண்டு, மோட்டாரும் கட்டுப்பாட்டுக் கருவியும் பழுதடைந்தால் மாற்றுப் பாகம் கண்டியில் கிடைக்குமா, மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் பதிவு செய்யப்பட்டதா என எழுத்தில் கேட்டுப் பெறுதல் நன்று. லயத்தில் வசிப்போர் மின்னேற்றுவதற்குப் பாதுகாப்பான இணைப்பு உண்டா என்பதையும் முன்கூட்டியே பார்த்துக்கொள்ள வேண்டும்.

பெற்றோலுக்காக வரிசையில் நின்ற நாம், நாளை ஒரு பற்றரிக்காகக் கொழும்புக்கு அலையும் நிலை வந்துவிடக் கூடாது. மலையகத் தமிழ், முஸ்லிம் இளைஞர்களுக்கு மின்வாகனப் பழுதுபார்த்தலைக் கற்பிக்கும் பாடநெறிகளைக் கண்டி மாவட்டத் தொழிற்பயிற்சி நிலையங்கள் விரிவுபடுத்துமாயின், அது பயணிகளுக்கும் உதவும்; தொழிலும் தரும். பாகங்களை இங்கு உற்பத்தி செய்ய இன்று இயலாவிடினும், பழுதுபார்க்கும் கைகளை உருவாக்க எவருடைய அனுமதிக்காகவும் நாம் காத்திருக்க வேண்டியதில்லை.