காலையில் மலை, மாலையில் கடல்... நீஸ் நகரில் தங்கி ஒரே நாளில் போய் வரும் ஊர்கள்!

எழுத்துக்கூட்டிப் படித்தால் 'நைஸ்'. ஆனால், ஊர்க்காரர்கள் சொல்வது 'நீஸ்'. பிரான்ஸின் தென்கிழக்கு மூலையில், இத்தாலி எல்லைக்குப் பக்கத்தில் மத்தியதரைக் கடலைப் பார்த்து உட்கார்ந்திருக்கும் நகரம். 1860-ல்தான் இது நிரந்தரமாகப் பிரான்ஸோடு சேர்ந்தது, அதற்கு முன் சார்டீனியா ராஜ்ஜியத்தோடு இருந்தது. பழைய தெருக்களின் காவி, மஞ்சள் நிற வீடுகளைப் பார்த்து 'இது பிரான்ஸா, இத்தாலியா?' என்று உங்களுக்குச் சந்தேகம் வந்தால் காரணம் அதுதான்.

ஷெங்கன் விசா, விமான டிக்கெட், ஆபீஸில் கெஞ்சி வாங்கிய லீவு... இத்தனைக்குப் பிறகு கிடைக்கும் ஐரோப்பியப் பயணத்தில் இந்தப் பிரெஞ்சு ரிவியரா பகுதிக்குப் பலரும் ஒதுக்குவது ஒரே ஒரு நாள். அதிலும் வேனில் ஏற்றி, அரை நாளில் நான்கு ஊர்களைக் காட்டி இறக்கிவிடும் டூர்தான் அதிகம் விற்கிறது. அதில் போனால் பார்க்கிங்கும் பரிசுப்பொருள் கடைகளும்தான் மனதில் நிற்கும். முடிந்தால் மூன்று, நான்கு நாள் ஒதுக்குங்க. நீஸ் ரயில் நிலையத்துக்கு நடக்கும் தூரத்தில் ஒரே ரூம் எடுத்து, பெட்டியை அங்கேயே போட்டுவிட்டு, ஒரு நாளைக்கு இரண்டு ஊர் என்று வைத்துக்கொள்ளுங்க. ஒன்று மலையில், ஒன்று கடலோரத்தில். மூன்றாவது ஊரைச் சேர்த்தால் எந்த ஊரையும் நின்று பார்க்க நேரமிருக்காது.

திட்டம் போடுவதற்கு முன் இந்த நில அமைப்பைப் புரிந்துகொள்வது முக்கியம். இங்கே ஆல்ப்ஸ் மலை கிட்டத்தட்ட கடலுக்குள்ளேயே இறங்குகிறது. ரயில் பாதை கடலை ஒட்டிப் போகும். மலை ஊர்களுக்குப் பெரும்பாலும் பஸ்தான். இதைத் தெரிந்துகொள்ளாமல் 'ஏஸ்' கிராமத்தைப் பார்க்கக் கிளம்பி, 'ஏஸ் சுர் மேர்' ஸ்டேஷனில் இறங்கி அண்ணாந்து பார்ப்பவர்கள் உண்டு. கிராமம் இருப்பது தலைக்கு மேலே, சுமார் 400 மீட்டர் உயரத்தில்!

அவ்வளவு உயரத்தில் ஏன் போய்க் கட்டினார்கள்? பயம்தான். இடைக்காலத்தில் இந்தக் கடற்கரை, கொள்ளையர்களும் எதிரிப் படைகளும் வந்து இறங்கும் இடம். அதனால் மக்கள் பாறை உச்சிகளில் வீடுகளை நெருக்கி நெருக்கிக் கட்டி, அந்த வெளிச்சுவரையே கோட்டைச்சுவர் ஆக்கிக்கொண்டார்கள். அன்று கடலோரம் வசிக்க அஞ்சிய இடம். இன்று அங்கே ஒரு வீடு வாங்க வேண்டுமென்றால் கோடிகளில்தான் பேச வேண்டும்.

ஏஸில் ஏறாதீங்க, இறங்குங்க!

ஒரே ஒரு நாள்தான் கையில் இருக்கிறது என்றால் நான் சொல்வது இந்த வழியைத்தான். நீஸில் டிராம் பிடித்து வோபான் பஸ் நிலையம். அங்கிருந்து ஏஸ் கிராமத்துக்கு பஸ். 10 மணிக்குள் போய்விட்டால் டூர் கூட்டம் வருவதற்குள் சந்துகளை நிம்மதியாகச் சுற்றலாம். உண்மையைச் சொன்னால், கிராமத்துக்குள் இன்று வீடுகளைவிடக் கடைகளும் ஹோட்டல்களும்தான் கண்ணில் படும். ஆனால் உச்சியில், சிதைந்த கோட்டையைச் சுற்றியுள்ள கள்ளிச்செடித் தோட்டத்துக்கு டிக்கெட் வாங்கத் தயங்காதீங்க. அந்தக் கோட்டையை 1706-ல் இடிக்கச் சொன்னவர் பதினான்காம் லூயி மன்னர். அங்கிருந்து கீழே தெரியும் கடலுக்காகத்தான் இத்தனை தூரம் வருவதே!

பிறகு, பஸ்ஸுக்குக் காத்திருக்காமல் நடந்தே இறங்குங்க. கிராமத்திலிருந்து கடலோர ஸ்டேஷன் வரை ஒரு கல் பாதை இருக்கிறது. பெயர் 'நீட்ஷே பாதை'. ஜெர்மன் தத்துவஞானி நீட்ஷே 1880-களில் நீஸில் தங்கியிருந்தபோது, ஜராதுஸ்ட்ரா நூலின் ஒரு பகுதி இந்த ஏற்றத்தில்தான் மனதில் உருவானது என்று அவரே எழுதியிருக்கிறார். அவர் ஏறினார். நாம் இறங்கினால் போதும், ஒரு மணி நேரம் ஆகும். செருப்பு வேண்டாம், ஷூ கட்டாயம். தண்ணீர் பாட்டிலும் வேண்டும். மழை பெய்திருந்தால் இந்த வழியே வேண்டாம், கல் வழுக்கும். முழங்கால் வலி உள்ள அப்பா, அம்மாவோடு போனால் பஸ்ஸிலேயே திரும்பிவிடுங்க.

கீழே இறங்கியதும் நீஸ் பக்கம் போகும் ரயிலைப் பிடித்து வில்ஃப்ரான்ஷ் ஊரில் இறங்கலாம். நீஸ் கடற்கரை முழுக்கக் கூழாங்கல். இங்கே காலுக்கு இதமான கரை, ஸ்டேஷனை ஒட்டியே. குளித்து முடித்து ஊருக்குள் போனால் 'ரூ ஒப்ஸ்கூர்' என்று 13-ம் நூற்றாண்டுத் தெரு ஒன்று, வீடுகளுக்கு அடியில் இருட்டுச் சுரங்கம்போலப் போகிறது. அங்கிருந்து நீஸ் பத்து நிமிடத்துக்குள் வந்துவிடும்.

கிழக்கே போகும் ரயில்

நீஸிலிருந்து இத்தாலி பக்கம் போகும் ரயிலில் வலதுபுற ஜன்னலைப் பிடியுங்க, கடல் அந்தப் பக்கம். மொனாக்கோ வழியில்தான் வரும். தனி நாடு, பரப்பளவு சுமார் 2 சதுர கிலோமீட்டர். 1910-ல் திறந்த கடல்சார் அருங்காட்சியகம் நன்றாக இருக்கும். மற்றபடி விலையுயர்ந்த கார்களும் அடுக்குமாடிகளும்தான். எனக்கு இரண்டு மணி நேரம் போதும்.

அதைவிட அடுத்து வரும் ரோக்ப்ரூன் காப் மார்த்தானில் இறங்கிக் கடலோர நடைபாதையில் போய்ப் பாருங்க. சண்டிகரை வடிவமைத்த கட்டடக்கலைஞர் லெ கொர்பூசியேவுக்கு இங்கே ஒரு மரக் குடில் இருந்தது. ஒரு நகரத்தையே வரைந்தவர் தனக்கென்று கட்டிக்கொண்டது ஒற்றை அறை! 1965-ல் இதே கடலில் நீந்தும்போதுதான் அவர் இறந்தார். குடில் இன்று யுனெஸ்கோ பாரம்பரியப் பட்டியலில் இருக்கிறது. உள்ளே போக முன்பதிவு தேவை.

எல்லைக்கு முன் கடைசி ஊர் மான்தோன். எலுமிச்சைக்குப் பேர் போனது. பிப்ரவரியில் எலுமிச்சை, ஆரஞ்சுப் பழங்களாலேயே பிரமாண்ட உருவங்கள் செய்து திருவிழா எடுப்பார்கள். மற்ற நாள்களில் அமைதியான ஊர், மொனாக்கோவைவிட செலவும் குறைவு.

இந்தப் பாதையில் பாஸ்போர்ட் ஒரிஜினல் கையில் இருக்கட்டும். ஷெங்கனுக்குள்தானே என்று ரூமில் வைத்துவிட்டுப் போகாதீங்க. 2015 முதல் இத்தாலி எல்லையில் பிரான்ஸ் சோதனையை மீண்டும் கொண்டுவந்துவிட்டது. இத்தாலிக்குள் எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பும் ரயிலில் போலீஸ் ஏறிக் கேட்பது சகஜம்.

ஓவியர்களின் மலை

மேற்கே உள்ளடங்கிய மலை ஊர் சென் போல் து வான்ஸ். பஸ்ஸுக்கு ஒரு மணி நேரம் வைத்துக்கொள்ளுங்க. ஓவியர் மார்க் ஷகால் கடைசிக் காலத்தில் வாழ்ந்ததும், 1985-ல் புதைக்கப்பட்டதும் இங்கேதான். ஊர்க் கோடியில் உள்ள அவர் கல்லறை மேல், வருபவர்கள் கூழாங்கல் வைத்துவிட்டுப் போகிறார்கள். 1964-ல் திறந்த மாக் ஃபவுண்டேஷனும் இங்கேதான். நவீன ஓவியம் பிடிக்குமென்றால் அதற்கே அரை நாள் வேண்டும்.

சில கிலோமீட்டர் தள்ளி வான்ஸ் ஊரில், மத்தீஸ் என்ற ஓவியர் வடிவமைத்த சின்னத் தேவாலயம் இருக்கிறது. நோயில் கிடந்தபோது தன்னைக் கவனித்துக்கொண்ட இளம்பெண் பின்னாளில் கன்னியாஸ்திரீ ஆனார். அவர் கேட்டதால் இந்த வேலையை எடுத்து, 80 வயதை ஒட்டிய காலத்தில் 1951-ல் முடித்தார் மத்தீஸ். வெள்ளைச் சுவர், மஞ்சள், பச்சை, நீலக் கண்ணாடிகள், அவ்வளவுதான். ஆனால் வெயில் நேரத்தில் அந்த நிறங்கள் தரையில் விழுவதைப் பார்த்தால் சட்டென்று கிளம்ப மனசு வராது. திறக்கும் நாள்களைப் பார்த்துவிட்டுப் போங்க.

பூ பிடித்தவர்களுக்கு கிராஸ். தோல் பதனிடும் ஊராக இருந்து, தோல் கையுறைக்கு வாசனை ஏற்றப்போய், வாசனைத் திரவியத் தலைநகரமாகவே மாறிய ஊர். ஆகஸ்ட் முதல் அக்டோபர் வரை இங்கே பறிக்கும் மல்லிகை வேறு எதுவும் இல்லை, நம்ம ஜாதிமல்லி இனம்தான்! மே மாதம் ரோஜா. ரயில் உண்டு. ஆனால் ஸ்டேஷன் கீழே, பழைய ஊர் மேலே.

சாப்பாட்டில் சைவக்காரர்கள் 'சொக்கா' என்று கேளுங்க. கடலை மாவைக் கரைத்து, ஆலிவ் எண்ணெய் விட்டு, விறகு அடுப்பில் சுட்ட அடை. மிளகுத்தூள் தூவித் தருவார்கள். வெங்காய பீட்சா மாதிரி இருக்கும் 'பிசாலாதியேர்' சைவம் என்று நினைத்து வாங்கிவிடாதீங்க, அதில் நெத்திலி வகை மீன் இருக்கும். ஹோட்டல்களில் மதிய உணவு 12 முதல் 2 மணி வரைதான். அதற்குப் பிறகு போனால் பல இடங்களில் காபிதான் கிடைக்கும். 'கராஃப் தோ' என்று கேட்டால் ஜாடியில் குடிநீர் இலவசமாக வைப்பார்கள்.

ஜூலை, ஆகஸ்ட் வேண்டாம். வெயில், கூட்டம், ரூம் வாடகை மூன்றும் உச்சத்தில் இருக்கும். செப்டம்பரில் கடல் நீர் இன்னும் வெதுவெதுப்பாகவே இருக்கும், கூட்டமும் குறையும். கிளம்பும் நாள் காலையில் ரயில் ஸ்டிரைக் இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்க, பிரான்ஸில் அது அபூர்வம் இல்லை. மலை ஊரில் இறங்கியதும் முதல் வேலையாக, கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்று நிறுத்தத்துப் பலகையை போட்டோ எடுத்துக்கொள்ளுங்க. ஞாயிற்றுக்கிழமை என்றால் அந்தப் பலகையில் தனி நேரம் போட்டிருக்கும்.