ஹாம்ப்டன் கோர்ட் அரண்மனை: சுற்றிக்காட்டும் முறையின் வரலாறு

லண்டனுக்குத் தென்மேற்கே, தேம்ஸ் ஆற்றங்கரையில் அமைந்துள்ள ஹாம்ப்டன் கோர்ட், கார்டினல் தாமஸ் வுல்சி 1515இல் கட்டத் தொடங்கிய மாளிகை. பின்னர் அது மன்னர் எட்டாம் ஹென்றியின் கைக்குப் போனது. 1689இல் மூன்றாம் வில்லியமும் இரண்டாம் மேரியும் கிறிஸ்டோபர் ரென் என்னும் கட்டடக் கலைஞரை அமர்த்தி, அதன் பெரும்பகுதியை இடித்துப் புதிதாகக் கட்டுவித்தனர். 1737க்குப் பிறகு அரசவை அங்கே கூடித் தங்கவில்லை. அரசர்கள் விட்டுப்போன கூடங்களைக் காண மக்கள் வரத் தொடங்கினர். அன்றிலிருந்து அந்த அரண்மனையைச் சுற்றிக்காட்டும் முறை பலமுறை மாறியிருக்கிறது. வாசல் யாருக்குத் திறந்ததோ, அவர்கள் கேட்ட கேள்விகளே ஒவ்வொரு முறையும் மாற்றத்தைக் கொண்டுவந்தன என்பதை இந்த வரலாறு காட்டுகிறது.

தொடக்கத்தில் சுற்றிக்காட்டுவது அரண்மனைக் காப்பாளரின் உரிமையாகவும் வருமானமாகவும் இருந்தது. காசு கொடுத்தவர்களைக் குழுவாக அழைத்துச்சென்று, ஓவியங்களின் பெயர்களைச் சொல்லி, விரைவாக வெளியே அனுப்பிவிடுவார்கள். 1838இல் விக்டோரியா அரசி அரசுக் கூடங்களைக் கட்டணமின்றி எல்லாருக்கும் திறந்துவிட்டார். ஞாயிற்றுக்கிழமையிலும் அனுமதி உண்டு என்பதால், வாரத்தில் ஒரே நாள் ஓய்வு பெற்ற தொழிலாளர் குடும்பங்களும் வர முடிந்தது. ஓய்வுநாளின் புனிதம் கெடும் என்று சமயப் பற்றாளர்கள் எதிர்த்தார்கள். ஆனாலும் கூட்டம் குறையவில்லை. 1849இல் ரயில் நிலையமும் வந்தது. 1881க்குள் வருகைகள் ஒரு கோடியைத் தாண்டின. இத்தனை பேருக்கு ஒரு காப்பாளரின் குரல் போதாது. எட்வர்ட் ஜெஸ்ஸி 1839இலும், ஹென்றி கோல் 'ஃபீலிக்ஸ் சம்மர்லி' என்ற புனைபெயரில் 1841இலும் வெளியிட்ட கையேடுகள் அந்த இடத்தை நிரப்பின. கையில் புத்தகம் இருந்தவர் எந்த ஓவியத்தின் முன் எவ்வளவு நேரம் நிற்பது என்பதைத் தாமே முடிவு செய்தார்.

அதே காலத்தில், மக்கள் காண விரும்பிய ஹென்றியின் காலத்தை அரண்மனையும் அவர்களுக்காக ஒப்பனை செய்துகொண்டது. பெருங்கூடத்தின் சன்னல்களில் இன்று ஒளிரும் வண்ணக்கண்ணாடிகள் 1840களில் பதிக்கப்பட்டவை. அவற்றின் கீழே, சுவரில் தொங்கும் ஆபிரகாமின் கதை சொல்லும் சித்திரத் திரைச்சீலைகளோ ஹென்றியே பிரஸ்ஸல்ஸில் நெய்வித்தவை. இரண்டையும் ஒரே காலத்தவையாக எண்ணிவிடுவது எளிது. ஹென்றியின் ஐந்தாம் மனைவி கேத்தரின் ஹோவர்ட், மன்னிப்புக் கேட்டுக் கூவியபடி நடைக்கூடத்தில் ஓடினார், அவருடைய ஆவி இன்றும் அங்கே அலைகிறது என்ற கதையும் இப்படித்தான் வேரூன்றியது. அந்த ஓட்டம் நடந்ததா என்றே வரலாற்றாசிரியர்கள் ஐயுறுகிறார்கள். நல்ல வழிகாட்டி இந்தக் கதையை மறைக்க வேண்டியதில்லை. கதை எது, சான்று எது என்று பிரித்துச் சொன்னால் போதும்.

1986 மார்ச் 31 அன்று அரண்மனையில் தீப்பிடித்து வில்லியமின் கூடங்கள் பெருஞ்சேதம் அடைந்தன. அவற்றைச் சீரமைத்தபோது, 1700ஆம் ஆண்டளவில் இருந்த நிலைக்கே கொண்டுவரப் பழைய ஆவணங்களைத் துருவ நேர்ந்தது. 1989இல் அரண்மனைகளைப் பேணத் தனி அமைப்பு உருவானது. 1998இல் அது அறக்கட்டளையாயிற்று. 1990களில் கவனம் சமையற்கட்டுக்குத் திரும்பியது. ஆறு பெரிய அடுப்புகள் கொண்ட அந்தக் கூடத்தில் ஹென்றி காலத்து டியூடர் உடை அணிந்தோர் தீ மூட்டி, இறைச்சியைக் கம்பியில் கோத்துச் சுழற்றி வாட்டினர். இது வேடிக்கை, பின்னாளில் மீண்டும் வந்த நுழைவுக் கட்டணத்துக்கான நாடகம் என்பது ஒரு குற்றச்சாட்டு. கட்டணமே அமைப்பின் முக்கிய வருவாய் என்பதால் அதில் நியாயம் இல்லாமலில்லை. ஆனால் அடுப்பின் முன் நின்று கம்பி சுழற்றிப் பார்த்தவருக்குத்தான் அந்த வெக்கை தெரியும். சமையல் எடுபிடிகள் அம்மணமாக வேலை செய்யக் கூடாது என்று அரச இல்லத்துக்கான விதிகளாகிய 1526ஆம் ஆண்டின் எல்தம் ஆணைகள் விதித்தது ஏன் என்பதும் அப்போது விளங்கும். அரசுக் கூடங்களை மட்டும் காட்டிய பழைய சுற்றில் இந்தப் பையன்களுக்கு இடமே இல்லை.

அண்மைக் காலத்தில் இந்தியத் தொடர்பும் சுற்றில் சேர்ந்திருக்கிறது. பஞ்சாபின் கடைசி மகாராஜா துலீப் சிங்கின் மகள் சோஃபியா, விக்டோரியா தந்த அரண்மனை வளாக வீட்டில் குடியிருந்தார். 1913இல் அரண்மனை வாசலிலேயே நின்று பெண்களின் வாக்குரிமைக்கான பத்திரிகையை விற்றார். 1902, 1911 முடிசூட்டு விழாக்களுக்கு வந்த இந்தியப் படைவீரர்கள் அரண்மனைப் பூங்காவில் கூடாரமிட்டுத் தங்கினர். இன்றைய அரசியலைப் பழைய சுவரில் ஒட்டுகிறார்கள் என்று சிலர் கடிந்துகொள்கிறார்கள். சோஃபியா அங்கே வாழ்ந்ததும் வீரர்கள் அங்கே தங்கியதும் அரண்மனையின் சொந்த வரலாறு; அவற்றைச் சொல்லாமல் விட்டதுதான் முந்தைய காலத்தின் தேர்வு. எதைச் சொல்வது என்ற தேர்வு இல்லாத சுற்று எந்தக் காலத்திலும் இருந்ததில்லை. ஆகவே ஒரு சுற்றைப் பழையது, புதியது என்று பார்த்து மதிப்பிடுவதில் பயனில்லை. சான்றோடு பேசுகிறதா, அந்தக் கூரையின் கீழ் வாழ்ந்த எத்தனை பேரைக் கணக்கில் கொள்கிறது என்பவையே அதன் தரத்தைச் சொல்லும். அந்த அளவுகோலில், ஹாம்ப்டன் கோர்ட்டின் இன்றைய சுற்று முன்னிருந்த எல்லாவற்றையும்விட நிறைவானது.