கைபேசி ஊமையான வேளையில்: ஹாம் வானொலியின் வரலாறும் நமது ஆற்றங்கரையும்

2023 டிசம்பர் 17, 18 ஆகிய இரு நாட்களைத் தாமிரபரணிக் கரையில் வாழும் எவரும் மறந்திருக்க முடியாது. காயல்பட்டினத்தில் மட்டும் 24 மணி நேரத்தில் 95 சென்டிமீட்டர் மழை பதிவாயிற்று. மேலே மாஞ்சோலையிலும் அரை மீட்டருக்கு மேல் பெய்தது. அணைகளிலிருந்து வந்த நீரும், அணைகளுக்குக் கீழே பெய்த நீரும் ஒன்றாகிக் கடலை நோக்கிப் பாய்ந்தன. மின்சாரம் நின்றது. பிறகு கைபேசிக் கோபுரங்களும் ஒவ்வொன்றாக ஓய்ந்தன. வளைகுடா நாடுகளிலும் ஹாங்காங்கிலும் பிழைப்புக்காக இருக்கும் நம் பிள்ளைகள், வாப்பாவும் உம்மாவும் மாடியில் இருக்கிறார்களா, நீரில் இருக்கிறார்களா என்று அறிய வழியின்றித் தவித்தனர்.

அதே இரவில் ஸ்ரீவைகுண்டத்தில் நடந்ததையும் நினைவுகூர வேண்டும். திருச்செந்தூரிலிருந்து சென்னை நோக்கிப் புறப்பட்ட விரைவு ரயிலில் ஏறத்தாழ 800 பயணிகள் இருந்தனர். முன்னே தண்டவாளத்தின் கீழிருந்த சரளையை வெள்ளம் அரித்துவிட்டது என்னும் செய்தி நிலையத்தை எட்டியதால் வண்டி அங்கேயே நிறுத்தப்பட்டது. உரிய நேரத்தில் வந்த ஒரு செய்தி அத்தனை உயிர்களைக் காத்தது. ஆனால் அதன் பின்னர் மூன்றாம் நாளில்தான் எஞ்சிய பயணிகள் மீட்கப்பட்டனர். பக்கத்துக் கிராமத்து மக்கள்தாம் அதுவரை அவர்களுக்குச் சோறு சமைத்துப் போட்டனர்.

கோபுரங்கள் ஏன் ஓய்ந்தன? அவற்றின் மின்கலங்கள் சில மணி நேரமே தாங்கும்; பிறகு டீசல் வேண்டும். சாலை அறுந்தபின் டீசல் வராது. பாலத்தோடு ஒட்டிச் செல்லும் கண்ணாடி இழை வடம் பாலத்தோடே போய்விடும். எனவே எவ்வளவு விலையுயர்ந்த கைபேசியானாலும் அன்று அது வெறும் டார்ச் விளக்குதான். இடையில் கோபுரமோ வடமோ இன்றி ஒருவரிடமிருந்து மற்றொருவருக்கு நேரே அலைகளை அனுப்பும் கருவி ஒன்று நூறாண்டுகளாக நம் நாட்டில் இருக்கிறது. அதுவே அமெச்சூர் வானொலி எனப்படும் ஹாம் வானொலி.

இந்தியாவில் இதன் வரலாறு 1921-இல் வங்காளத்தைச் சேர்ந்த அமரேந்திர சந்திர குப்தாவிடம் தொடங்குகிறது. இரண்டாம் உலகப்போர் மூண்டதும் ஆங்கில அரசு புதிய உரிமங்களை நிறுத்தி, இருந்த ஒலிபரப்பிகளையும் ஒப்படைக்கச் சொன்னது. ஆட்சியாளருக்கு மக்கள் கையிலிருக்கும் வானொலி எப்போதும் சிறிது அச்சமூட்டுவதே! விடுதலைக்குப் பிறகு, 1948-இல், மோவ் நகரில் உருவான சங்கமே இன்றைய இந்திய அமெச்சூர் வானொலிச் சங்கத்தின் தொடக்கம். 1999-இல் ஒடிசாவைத் தாக்கிய பெரும்புயலின்போதும், 2001-இல் குஜராத் நிலநடுக்கத்தின்போதும் இந்தத் தன்னார்வலர்கள் கருவிகளைச் சுமந்துகொண்டு களத்துக்குச் சென்றனர்.

எனினும் நமக்கு மிகுந்த பாடம் தருவது அந்தமானில் நடந்தது. பாதுகாப்புக் காரணங்களால் அத்தீவுகளில் ஹாம் வானொலிக்குப் பல ஆண்டுகளாக அனுமதி இல்லை. ஹைதராபாத்திலுள்ள தேசிய அமெச்சூர் வானொலி நிறுவனத்தைச் சேர்ந்த பாரதி பிரசாத் என்னும் பெண்மணி விடாது முயன்று அனுமதி பெற்று, 2004 டிசம்பர் தொடக்கத்தில் தம் குழுவுடன் போர்ட் பிளேரில் நிலையம் அமைத்தார். அவர் சென்றது பேரிடருக்காக அன்று. அரிதாக ஒலிக்கும் தீவோடு பேச உலகெங்கும் காத்திருந்த ஹாம்களோடு உரையாடவே சென்றார். டிசம்பர் 26 காலை ஆறரை மணியளவில் நிலம் அதிர்ந்தது. பின் கடல் பொங்கியது. தொலைபேசிகள் அற்றுப்போன அந்தத் தீவுகளிலிருந்து இந்தியப் பெருநிலத்துக்குச் செய்திகளைக் கடத்தும் பணியில் அவருடைய நிலையம் அன்றே இறங்கியது. குழுவினர் கார் நிக்கோபாருக்கும் கருவிகளைக் கொண்டு சென்றனர். இன்னார் உயிரோடு இருக்கிறாரா என்னும் கேள்விகளும், இருக்கிறார் என்னும் விடைகளும் நாள்தோறும் அந்த அலைகளில் சென்றன.

அதே நாளில் இலங்கையின் அம்பாந்தோட்டையிலும் இதுவே நிகழ்ந்தது. மலாய் முஸ்லிம்கள் பெருமளவில் வாழும் அந்தக் கடற்கரை ஊரை ஞாயிற்றுச் சந்தை நேரத்தில் கடல் விழுங்கியது. விக்டர் குணதிலக்கவின் முயற்சியில் ஹாம்கள் சிலர் அங்குச் சென்று, சிற்றலை வழியாகக் கொழும்போடு தொடர்பை ஏற்படுத்தினர்.

இவ்விரு நிகழ்ச்சிகளிலும் கருவி முன்பே இருந்தது. அதை இயக்கத் தெரிந்தவரும், அவருடைய குரலை அறிந்து மறுமுனையில் செவிமடுப்பவரும் முன்பே இருந்தனர். வெள்ளம் வடிந்தபின் ஒரு வாட்ஸ்அப் குழுமம் தொடங்குவது நம் வழக்கம். அந்தக் குழுமமும் கோபுரத்தையே நம்பி நிற்கிறது என்பதை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை.

நம் பள்ளத்தாக்குக்கு எது பொருந்தும்? பொதிகையில் பிறந்து புன்னைக்காயலில் கடல் சேரும் ஆறு இது. ஏறத்தாழ 125 கிலோமீட்டர். ஐந்து வாட் கைக்கருவியின் குரல் சமவெளியில் சில கிலோமீட்டரே செல்லும். உயரத்தில் ஒரு மறுஒலிபரப்பி இருந்தால் அதே குரல் பல ஊர்களை எட்டும். மேலப்பாளையத்திலும் காயல்பட்டினத்திலும் மினாராக்களுக்கா குறைவு? இடிதாங்கியைச் சரிபார்த்து, ஜமாஅத்தின் இசைவோடும் அரசின் அனுமதியோடும் அங்கு ஓர் ஆண்டெனா ஏற்றுவது பெரிய காரியமன்று. மலையும் பள்ளமும் குறுக்கிடும் இடங்களுக்கு 7 மெகாஹெர்ட்ஸ் சிற்றலை உண்டு. அதற்கு வேண்டியது 20 மீட்டர் கம்பியும், ஒரு கார் பேட்டரியும், இரண்டு தென்னை மரங்களுமே. தாழக் கட்டிய கம்பியிலிருந்து மேலெழும் அலை, வானின் அயனி மண்டலத்தில் பட்டுத் திரும்பி நாற்புறமும் இறங்குவதால், பகல் வேளையில் மாஞ்சோலையும் காயலும் பேசிக்கொள்ள இயலும்.

உரிமம் ஒன்றிய அரசின் தொலைத்தொடர்புத் துறை தருவது. 12 வயது நிரம்பிய பிள்ளைகளும் தேர்வு எழுதலாம். அடிப்படை மின்னியலும் வானொலி விதிகளுமே பாடம். தொடக்க நிலை உரிமத்துக்கு மோர்ஸ் குறியீடு தேவையில்லை. வணிகச் செய்திகளுக்கு இதில் இடமில்லை. மறைகுறியீடும் கூடாது, அலையில் பேசுவதை யார் வேண்டுமானாலும் கேட்கலாம். ஆகவே இறந்தவரின் பெயரை அலையில் உரக்கச் சொல்லாதிருப்பது பழகிய ஹாம்களின் வழக்கம். குடும்பத்தார் அறியுமுன் ஊர் அறிந்துவிடக் கூடாது அல்லவா? பிறர் செய்தி நம்மிடம் ஓர் அமானிதமே.

செய்தியை அவர்கள் கையாளும் முறை நமக்குப் புதிதன்று. ஒவ்வொரு செய்திக்கும் எண், புறப்பட்ட நிலையம், நாள், நேரம், சொற்களின் எண்ணிக்கை ஆகியவை குறிக்கப்படும். பெறுபவர் சொற்களை எண்ணிப் பார்த்து, ஒன்று குறைந்தாலும் திரும்பக் கேட்பார். யாரிடமிருந்து யாருக்கு வந்தது என்பது இறுதிவரை ஏட்டில் நிற்கும். ஹதீஸ் கலையில் ஸனதின் மதிப்பை அறிந்த சமூகத்துக்கு இந்த ஒழுங்கை நெடுநேரம் விளக்க வேண்டியதில்லை. அணை உடைந்தது என்று 2023-இலும் வதந்தி பரப்பியவர்களுக்குத்தான் விளக்க வேண்டும்.

வாரம் ஒரு நாள், குறித்த நேரத்தில், ஒவ்வொரு ஊரும் தன் அழைப்புக் குறியைச் சொல்லிப் பதிலளிக்கும் வழக்கத்தை ஹாம்கள் வலை என்பர். அம்பாசமுத்திரம், சேரன்மகாதேவி, மேலப்பாளையம், ஸ்ரீவைகுண்டம், ஆத்தூர், காயல்பட்டினம் என ஊருக்கு இருவர் கிடைத்தாலே வலையைத் தொடங்கிவிடலாம். தேர்வுக்கும் உரிமத்துக்கும் மாதங்கள் பிடிக்கும். ஆகவே ஐப்பசி மழைக்கு வலை ஆயத்தமாக வேண்டுமாயின், விண்ணப்பத்தை முந்தைய கோடை விடுமுறைக்கு முன்பே அனுப்பியிருக்க வேண்டும்.