லாஸ் ஏஞ்சலஸ் கல்வி வாரியத் தேர்தல்: விதிகள் மாறிய வரலாறு

அமெரிக்காவில் அரசுப் பள்ளிகளை வாஷிங்டன் நடத்துவதில்லை. தனி எல்லையும் தனி நிதிக் கணக்கும் கொண்ட 'பள்ளி மாவட்டங்கள்' நடத்துகின்றன. அவற்றின் தலைமையில் இருப்பது பெரும்பாலும் மக்கள் தேர்ந்தெடுக்கும் கல்வி வாரியம். ஆசிரியர்களுக்கு என்ன சம்பளம், எந்தப் பள்ளியை மூடுவது, எங்கே புதுப் பள்ளி கட்டுவது, யாரைத் தலைமைக் கண்காணிப்பாளராக அமர்த்துவது என்பதெல்லாம் அந்த வாரியத்தின் கையில். சிகாகோவில் 1995இலும் நியூயார்க்கில் 2002இலும் பள்ளி அதிகாரம் மேயரின் பிடிக்குள் போனது. லாஸ் ஏஞ்சலஸ் தேர்தலைக் கைவிடவில்லை. நியூயார்க்குக்கு அடுத்து நாட்டின் இரண்டாவது பெரிய பள்ளி மாவட்டம் அது. சுமார் 710 சதுர மைல் பரப்பில், லாஸ் ஏஞ்சலஸ் நகரோடு இருபதுக்கும் மேற்பட்ட சிறு நகரங்களும் அதற்குள் அடங்கும். 2000களின் தொடக்கத்தில் 7 லட்சத்துக்கும் மேற்பட்ட மாணவர்கள் படித்தனர். இப்போது அந்த எண்ணிக்கை 4 லட்சத்தை ஒட்டி நிற்கிறது. இத்தனைக்கும் வாரிய உறுப்பினர்கள் ஏழே பேர்.

இந்த ஏழு இடங்களின் வரலாற்றை எழுதியவர்கள் பெரும்பாலும் அதைக் கொள்கைப் போராகவே பார்த்திருக்கிறார்கள்: இன ஒருங்கிணைப்பா இல்லையா, ஆசிரியர் சங்கமா, அரசு நிதியில் தனி நிர்வாகத்தின் கீழ் இயங்கும் சார்ட்டர் பள்ளியா என்று. அது பாதி உண்மைதான். தொகுதி எப்படி வகுக்கப்பட்டது, தேர்தல் எந்த ஆண்டில் நடந்தது, செலவை யார் ஏற்றார் என்ற மூன்று கேள்விகளும் வேட்பாளரின் கொள்கையைவிட அதிகமாக முடிவைத் தீர்மானித்திருக்கின்றன என்பதே இக்கட்டுரையின் வாதம்.

நகரம் முழுவதும் ஒரே தொகுதி

1970களின் இறுதிவரை ஏழு இடங்களுக்கும் மாவட்டம் முழுவதுமே தொகுதி. வேட்பாளர் எந்த இடத்துக்குப் போட்டியிட்டாலும், சான் பெர்னாண்டோ பள்ளத்தாக்கிலிருந்து துறைமுகம் வரை எல்லோரிடமும் வாக்குக் கேட்க வேண்டும். கட்சிச் சின்னம் கிடையாது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நகரச் சீர்திருத்தவாதிகள் விரும்பிய ஏற்பாடு இதுதான்: பேட்டை அரசியல் பள்ளிக்கூடத்துக்குள் நுழையக்கூடாது, ஊரின் 'நல்ல மனிதர்கள்' பள்ளியை நடத்த வேண்டும். நடைமுறையில் அந்த நல்ல மனிதர்கள் பெரும்பாலும் வசதியான வெள்ளையர் பகுதிகளிலிருந்தே வந்தார்கள்.

விதிவிலக்குகள் உண்டு. 1939இல் ஃபே ஆலன் வென்று வாரியத்தின் முதல் கறுப்பின உறுப்பினரானார். 1943இல் அவர் பதவி முடிந்தபின் அடுத்த கறுப்பின உறுப்பினருக்கு, பாதிரியார் ஜேம்ஸ் எட்வர்ட் ஜோன்ஸுக்கு, 1965 வரை ஊர் காத்திருக்க வேண்டியிருந்தது. அந்த இருபது ஆண்டுகளில்தான் தெற்கு லாஸ் ஏஞ்சலஸின் கறுப்பின மக்கள்தொகை பலமடங்கு பெருகியது என்பதை நினைவில் கொண்டால் இந்த முறையின் இயல்பு விளங்கும். வாட்ஸ் பகுதியில் கலவரம் வெடித்ததும் அதே 1965இல்தான்.

1967இல் ஜூலியன் நாவா வென்றார். கிழக்கு லாஸ் ஏஞ்சலஸில் வளர்ந்து, ஹார்வர்டில் வரலாற்றில் முனைவர் பட்டம் பெற்ற பேராசிரியர். மெக்சிகோ வம்சாவளியினரின் வாக்குகள் மட்டும் அவரைக் கரைசேர்க்கப் போதாது. தாராளவாத வெள்ளையரும் கறுப்பினத்தவரும் சேர்ந்தாலொழிய மாவட்டம் தழுவிய வெற்றி சாத்தியமில்லை. அவர் பதவியேற்ற மறு ஆண்டு மார்ச்சில் கிழக்குப் பகுதிப் பள்ளிகளின் ஆயிரக்கணக்கான மாணவர்கள் வகுப்பை விட்டு வெளியேறித் தெருவுக்கு வந்தார்கள். இடிந்த கட்டடம், நெரிசல், ஸ்பானிய மொழி பேசினால் தண்டனை, தங்கள் வரலாறே இல்லாத பாடப்புத்தகம் ஆகியவை அவர்களின் புகார்கள். மாணவர்களுக்குத் துணைநின்ற ஆசிரியர் சால் காஸ்ட்ரோ மீது வழக்குப் பாய்ந்தது, வகுப்பிலிருந்தும் அகற்றப்பட்டார். வாரிய அரங்கிலேயே ஆதரவாளர்கள் நாள்கணக்கில் அமர்ந்து போராடியபின்தான் அவர் பணிக்குத் திரும்பினார். அந்தப் பெருங்கூட்டத்துக்கு மேசையின் மறுபுறம் இருந்த குரல் நாவா ஒருவருடையதுதான். ஏழில் ஒரு வாக்கு என்ன செய்துவிட முடியும்?

பேருந்துகளின் தேர்தல்

1963இல் தொடுக்கப்பட்ட கிராஃபோர்ட் வழக்குதான் இந்த வாரியத் தேர்தலைச் சூடான அரசியலாக்கியது. பள்ளிகளில் நிலவும் இனப் பிரிவினையைக் களைய வேண்டும் என்று நீதிபதி ஆல்ஃபிரட் கிட்டெல்சன் 1970 பிப்ரவரியில் தீர்ப்பளித்தார். அதே ஆண்டுத் தேர்தலில் தன் பதவியை இழந்தார். கலிபோர்னியா உச்ச நீதிமன்றம் 1976இல் வாரியத்தின் கடமையை உறுதிசெய்தது. பிள்ளைகளைப் பேருந்தில் ஏற்றி வேறு பகுதிப் பள்ளிகளுக்கு அனுப்பும் திட்டம் வரப்போகிறது என்ற செய்தி பள்ளத்தாக்கின் நடுத்தரக் குடும்பங்களை உலுக்கியது. அப்பகுதியிலுள்ள என்சினோவில் பிறந்த 'பஸ்டாப்' இயக்கம் சில மாதங்களில் பல்லாயிரம் பெற்றோரைத் திரட்டியது.

அந்த இயக்கத்தின் முகமான பாபி ஃபீட்லர் 1977இல் வாரியத் தலைவர் ராபர்ட் டாக்டரையே தோற்கடித்தார். 1978 செப்டம்பரில் கட்டாயப் பேருந்துத் திட்டம் தொடங்கியது. 1979 மேயில் திட்டத்தின் பக்கம் நின்ற வாரியத் தலைவர் ஹோவர்ட் மில்லரை வாக்காளர்கள் பதவிக்காலம் முடியுமுன்பே திரும்ப அழைத்தார்கள். அவர் இடத்தில் வந்த ராபர்ட்டா வைன்ட்ராப் பேருந்துத் திட்டத்தின் எதிர்ப்பாளர். நவம்பரில் மாநிலம் தழுவிய வாக்கெடுப்பு அரசியல் சாசனத்தையே திருத்தி, கூட்டாட்சிச் சட்டம் கேட்பதற்கு மேல் மாநில நீதிமன்றங்கள் இத்தகைய ஆணை இடக்கூடாது என்றது. 1981இல் கட்டாயத் திட்டம் முடிவுக்கு வந்தது. 1980இல் ஃபீட்லர் வாஷிங்டன் நாடாளுமன்றத்துக்குப் போய்விட்டார். பள்ளி வாரியம் பெரிய அரசியலுக்கு ஏணியாக முடியும் என்பதை இந்த ஊருக்கு அவர் காட்டினார்.

இந்தக் கொந்தளிப்பின் நடுவே, அதிகம் பேசப்படாத ஒரு மாற்றமும் நடந்தது. மாவட்டம் தழுவிய தேர்தலை ஒழித்து ஏழு தனித் தொகுதிகளை உருவாக்க 1978இல் வாக்காளர்கள் ஒப்புக்கொண்டார்கள். 1979இல் தெற்கு லாஸ் ஏஞ்சலஸிலிருந்து ரீட்டா வால்டர்ஸ் வந்தார். இன ஒருங்கிணைப்புக்காகக் களத்தில் நின்ற கறுப்பினப் பெண். ஆனால் தொகுதி முறை எல்லோருக்கும் உடனே பலன் தரவில்லை. நாவா 1979இல் விலகியபின், 1983இல் லாரி கொன்சாலஸ் வரும்வரை லத்தீனோ (லத்தீன் அமெரிக்க வம்சாவளி) உறுப்பினர் எவரும் இல்லை. தொகுதியை வரைந்தால் மட்டும் போதாது, அங்கே வாக்குரிமை உள்ளவர்கள் இருக்க வேண்டும். கிழக்குப் பகுதியில் பிள்ளைகள் ஏராளம். குடியுரிமை பெற்ற பெரியவர்கள் குறைவு.

இதைவிடக் கசப்பான முரண் ஒன்றும் உண்டு. அதே 1978 ஜூனில் கலிபோர்னியா மக்கள் பிரேரணை 13ஐ நிறைவேற்றிச் சொத்து வரிக்கு உச்சவரம்பு கட்டினார்கள். பள்ளி நிதியின் ஏற்றத்தாழ்வை எதிர்த்த செரானோ வழக்கால் ஏற்கெனவே சுருங்கிவந்த பள்ளி வாரியத்தின் நிதி அதிகாரம் இதோடு சாக்ரமெண்டோவுக்கு, அதாவது மாநில அரசுக்கு, போய்ச்சேர்ந்தது. சிறுபான்மையினர் வாரியத்துக்குள் நுழைய வழி திறந்தபோது கஜானா சாவி வேறு கைக்கு மாறிவிட்டிருந்தது. 1975இல் வந்த ரோடா சட்டம் ஆசிரியர் சங்கத்துக்குக் கூட்டுப் பேரம் பேசும் உரிமையை வழங்கியிருந்தது. ஆக, 1980களின் வாரியம் வரி விதிக்க முடியாத, ஆனால் சம்பள ஒப்பந்தத்தில் கையெழுத்திட வேண்டிய அமைப்பு. தன் எதிரில் உட்கார்ந்து பேரம் பேசப்போகிறவரைத் தேர்தலில் வெல்லவைக்க சங்கம் விரும்பியதில் வியப்பில்லை.

மேயரின் பணம், கோடீஸ்வரர்களின் பணம்

லாஸ் ஏஞ்சலஸ் மேயருக்குப் பள்ளிகள் மீது சட்ட அதிகாரம் எதுவும் இல்லை. முதலீட்டில் பெரும் செல்வம் சேர்த்த மேயர் ரிச்சர்ட் ரியார்டன், அதிகாரம் இல்லாத இடத்தில் பணத்தைப் பயன்படுத்தினார். 1999இல் சுமார் 20 லட்சம் டாலர் திரட்டி நான்கு வேட்பாளர்களை ஆதரித்தார். நால்வரும் வென்றார்கள், பதவியிலிருந்த உறுப்பினர்கள் மூவர் வீழ்ந்தார்கள். பெல்மாண்ட் கல்வி மையம் அவருக்குக் கைகொடுத்தது. பழைய எண்ணெய் வயலின் மேல், மீத்தேன் வாயு கசியும் நிலத்தில், கோடிக்கணக்கான டாலரில் எழுப்பிப் பாதியில் நின்ற பள்ளி அது. (2008இல் எட்வர்ட் ராய்பால் பெயரில் திறக்கப்பட்டது.) புது வாரியம் கண்காணிப்பாளர் ரூபன் சக்காரியாஸை வெளியேற்றி, பின்னர் கொலராடோவின் முன்னாள் ஆளுநர் ராய் ரோமரைக் கொண்டுவந்தது. ஆனால் 2003 தேர்தலில் ஆசிரியர் சங்கம் கணக்கைத் திருப்பித் தீர்த்தது: ரியார்டன் அணியின் கேப்ரிஸ் யங், ஜெனீதியா ஹேய்ஸ் இருவரும் தோற்றார்கள்.

அடுத்து அன்டோனியோ வில்லரைகோசா. இவர் 2006இல் மேயருக்குப் பள்ளி அதிகாரம் தரும் சட்டத்தை மாநிலத்தில் நிறைவேற்றிக்கொண்டார். அரசியல் சாசனத்துக்கு முரண் என்று நீதிமன்றங்கள் அதை ரத்து செய்தன. உடனே ரியார்டன் வழிக்கே திரும்பி, 2007இல் தமக்கு இணக்கமான பெரும்பான்மையைத் தேர்தலில் உருவாக்கினார்.

அதன்பின் பணம் ஊர் எல்லையைத் தாண்டியது. 2013இல் நியூயார்க் மேயர் மைக்கேல் புளூம்பெர்க், சார்ட்டர் பள்ளிகளை ஆதரித்த சீர்திருத்த அணிக்கு 10 லட்சம் டாலர் கொடுத்தார். இருந்தும், மிகச் சொற்பச் செலவில் நின்ற ஐந்தாம் வகுப்பு ஆசிரியை மோனிகா ராட்லிஃப், பெருந்தொகை இறைக்கப்பட்ட எதிராளியை மே மாத மறுதேர்தலில் வென்றார். இதைப் 'பணம் செல்லாது' என்பதற்குச் சான்றாகப் பலர் காட்டுவார்கள், நான் காட்டமாட்டேன். நான்கே ஆண்டில், 2017இல், சுமார் 1.5 கோடி டாலர் செலவான தேர்தலில் வாரியத் தலைவர் ஸ்டீவ் சிம்மர் நிக் மெல்வாயினிடம் தோற்றார். கெல்லி கோனஸும் வென்றார். சார்ட்டர் பள்ளிகளுக்கு ஆதரவான பெரும்பான்மை முதன்முதலாக அமைந்தது. நெட்ஃபிளிக்ஸ் நிறுவனர்களில் ஒருவரான ரீட் ஹேஸ்டிங்ஸ் அந்த அணிக்குப் பின்னிருந்த பெரும் கொடையாளர்களில் ஒருவர். ஆசிரியர் சங்கமும் லட்சக்கணக்கில் செலவழித்தது. சங்கத்தின் பணம் ஆசிரியர்கள் கட்டிய சந்தா, மறுதரப்புப் பணம் சில தனிமனிதர்களின் செல்வம் என்ற வேறுபாட்டை நான் சிறிதாகக் கருதவில்லை; ஆனால் வாக்காளரின் அஞ்சல்பெட்டியை நிரப்பிய துண்டறிக்கைகளில் அந்த வேறுபாடு தெரிந்திருக்காது.

ஒற்றைப்படை ஆண்டுகள்

இவ்வளவு பணம் வேலை செய்ததற்குக் காரணம், வாக்களித்தவர்கள் வெகு குறைவு என்பதே. நகரத் தேர்தலும் வாரியத் தேர்தலும் ஒற்றைப்படை ஆண்டுகளின் வசந்த காலத்தில், குடியரசுத் தலைவர் தேர்தலும் ஆளுநர் தேர்தலும் இல்லாத வேளையில் நடந்தன. உள்ளூர் விவகாரம் தேசிய அரசியலில் மூழ்கிவிடக்கூடாது என்பது பழைய சீர்திருத்தவாதிகளின் நியாயம். விளைவு வேறு: சங்க உறுப்பினர், வீட்டுச் சொந்தக்காரர், முதியவர் என வழக்கமாக வருபவர்களே வாக்களித்தார்கள்.

2015 மேயில் ஒரு வினோதம் நடந்தது. லத்தீனோ வாக்காளர் பதிவுக்காக உழைக்கும் அமைப்பு ஒன்று, ஐந்தாம் தொகுதியில் வாக்களிப்பவர்களில் ஒருவருக்குக் குலுக்கலில் 25,000 டாலர் என அறிவித்தது. பரிசும் கொடுத்தார்கள். வாக்குப்பதிவு அப்படியொன்றும் உயரவில்லை. அதே ஆண்டு மார்ச்சில், தேர்தலை இரட்டைப்படை ஆண்டுகளுக்கு மாற்றும் நகரச் சாசனத் திருத்தங்கள் பெருவாரியான ஆதரவில் நிறைவேறியிருந்தன. அந்த வாக்கெடுப்புக்கே வந்தவர்கள் பதிவு செய்தவர்களில் சுமார் பத்தில் ஒருவர்! மாற்றத்துக்கு வழிவிட, 2015, 2017இல் வென்றவர்களுக்கு ஐந்தரை ஆண்டுப் பதவிக்காலம் கிடைத்தது.

இடையில் 2019 ஜனவரியில் முப்பதாயிரத்துக்கும் மேற்பட்ட ஆசிரியர்கள் ஆறு பள்ளி நாள்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். குற்ற வழக்கில் சிக்கி ரெஃப் ரோட்ரிகஸ் விலகியதால் காலியான இடத்துக்கு மே மாதம் இடைத்தேர்தல். 1983இலேயே வாரியத்துக்கு வந்த ஜாக்கி கோல்ட்பெர்க் சங்க ஆதரவோடு பெரும் வித்தியாசத்தில் திரும்பினார். 1.5 கோடி டாலரில் அமைந்த பெரும்பான்மையின் ஆயுள் இரண்டு ஆண்டுகூட இல்லை.

2020 நவம்பரில், குடியரசுத் தலைவர் தேர்தலோடு சேர்ந்து நடந்தபோது, முன்பு சில பத்தாயிரங்களில் நின்ற தொகுதி வாக்குகள் லட்சக்கணக்கில் எகிறின. இளைஞர், வாடகை வீட்டார், லத்தீனோ வாக்காளர் எல்லோரும் வாக்குச்சீட்டின் கீழ்ப்பகுதிவரை வந்தார்கள். செலவு குறையவில்லை. கூடிய கூட்டத்தை எட்டக் கூடுதல் பணம் தேவைப்பட்டது. ஆயினும் சில ஆயிரம் வாக்குகளைத் திரட்டி வாரியத்தைக் கைப்பற்றும் பழைய உத்தி செல்லாமல் போயிற்று. என் கணிப்பில், 1978இன் தொகுதி மாற்றத்துக்குப் பிறகு வந்த மிகப் பெரிய சீர்திருத்தம் இதுவே. எந்தக் கோடீஸ்வரரின் கொடையும் எந்தச் சங்கத்தின் படையும் செய்யாததை ஒரு நாள்காட்டி மாற்றம் செய்தது.

அதற்கும் எட்டாத ஒரு கூட்டம் இருக்கிறது. மாவட்டத்தின் மாணவர்களில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கினர் லத்தீனோக்கள். அவர்களின் பெற்றோரில் கணிசமானோர் குடியுரிமை இல்லாதவர்கள். நியூயார்க்கின் சமுதாயப் பள்ளி வாரியங்கள் இயங்கிய காலத்தில், குடியுரிமை இல்லாத பெற்றோரும் அங்கே வாக்களித்தார்கள். சான் பிரான்சிஸ்கோ வாக்காளர்கள் 2016இல் அதே உரிமையைத் தங்கள் பள்ளி வாரியத் தேர்தலில் வழங்கினார்கள். லாஸ் ஏஞ்சலஸ் இதுவரை வழங்கவில்லை.