தரம் 3: பிள்ளைக்கு என்ன மாறுகிறது, வீட்டார் என்ன செய்யலாம்?

ஆரம்பப் பிரிவின் ஐந்து ஆண்டுகளில் பெற்றோர் அதிகம் பேசுவது இரண்டைப் பற்றித்தான். ஒன்று பிள்ளையைப் பாடசாலையில் சேர்க்கும் தரம் 1. மற்றது புலமைப்பரிசில் பரீட்சை வரும் தரம் 5. நடுவில் உள்ள தரம் 3 சத்தமில்லாமல் வந்து போய்விடும். வன்னியில் இருபது வருடங்களுக்கு மேலாக ஆரம்பப் பிரிவில் கற்பித்து வருகிறேன். ஒரு பிள்ளை பின்தங்குவது பெரும்பாலும் இந்த ஆண்டில்தான் வெளியே தெரிகிறது என்பது என் அனுபவம். இங்கே பிடித்தால் தூக்கிவிடலாம். தரம் 5 இல் பிடிப்பது மிகக் கடினம்.

ஆகவே இந்த ஆண்டில் என்ன நடக்கும், வீட்டில் என்ன செய்யலாம், எப்போது உதவி கேட்க வேண்டும் என்பவற்றை ஒழுங்காக எழுதி வைக்கிறேன். போர் எங்கள் குடும்பங்களில் விட்டுச்சென்றவை சில இந்த வயதுப் பிள்ளையின் கொப்பிக்குள்ளும் வந்து நிற்கின்றன. அவற்றையும் சேர்த்தே பேச வேண்டும்.

முதன்மை நிலை மாறுகிறது

எமது ஆரம்பக் கல்வி மூன்று முதன்மை நிலைகளாகப் பிரிக்கப்பட்டுள்ளது. தரம் 1, 2 முதலாவது. தரம் 3, 4 இரண்டாவது. தரம் 5 மூன்றாவது. முதலாம் நிலையில் விளையாட்டுக்கே கூடிய இடம். இரண்டாம் நிலையில் விளையாட்டு, செயற்பாடு, எழுத்துவேலை மூன்றும் ஏறக்குறையச் சமமாக வருகின்றன. ஐந்தாம் தரத்தில் எழுத்துவேலை கூடுகிறது.

அதாவது, தை மாதத்தில் பிள்ளை திடீரென்று அதிகம் எழுத வேண்டியிருக்கும். "போன வருடம் ஆசையாகப் போன பிள்ளை, இந்த வருடம் வயிற்றுக்குத்து என்று நிற்கிறாள்" என்று தாய்மார் சொல்வதுண்டு. முதலாம் தவணையில் இப்படி ஒரு சுணக்கம் பல பிள்ளைகளுக்கு வரும். அடிக்கவோ பயப்படவோ தேவையில்லை. இரண்டாம் தவணையிலும் அது குறையாவிட்டால் வகுப்பாசிரியரைச் சந்தியுங்கள்.

பாடங்கள் பெரும்பாலும் பழையவைதான்: தமிழ், கணிதம், சமயம், சுற்றாடல் சார்ந்த செயற்பாடுகள். புதிதாக வருவது ஆங்கிலம். முதல் இரண்டு ஆண்டுகள் வாய்மொழியாக மட்டும் இருந்த ஆங்கிலம், தரம் 3 இல் பாடநூலும் பயிற்சிநூலும் கொண்ட தனிப் பாடமாகிறது.

வாசிப்பு: இந்த ஆண்டின் பெரிய வேலை

தரம் 1, 2 இல் பிள்ளை வாசிக்கக் கற்கிறது. தரம் 3 இலிருந்து, வாசித்துத்தான் மற்றப் பாடங்களைக் கற்க வேண்டும். கணக்குக்கூட வசனமாக வருகிறது. "ஒரு பெட்டியில் 125 மாம்பழங்கள் இருந்தன. அவற்றில் 48 பழங்கள் விற்கப்பட்டன" என்ற இரண்டு வரியை விளங்கிக்கொள்ள முடியாத பிள்ளைக்குக் கழித்தல் தெரிந்தும் பயனில்லை. அந்தப் பிள்ளையைப் "கணக்கு ஓடாது" என்று ஒதுக்கிவிடுகிறோம். உண்மையில் ஓடாதது வாசிப்பு.

வீட்டிலேயே சோதித்துப் பார்க்கலாம். பிள்ளை முன்பு பார்த்திராத ஒரு சிறு பந்தியைக் கொடுங்கள். பழைய பத்திரிகைத் துண்டாக இருந்தாலும் போதும். வாசித்த பின் "என்ன சொல்லியிருக்குது?" என்று கேளுங்கள். பாடநூலைக் கொடுக்காதீர்கள். பல பிள்ளைகள் அதைப் பாடமாக்கி வைத்திருப்பார்கள். எழுத்தைப் பார்க்காமலே ஒப்புவிக்கும் பிள்ளையை வாசிக்கிறது என்று நம்பி ஏமாந்துவிடுவோம்.

தமிழில் 247 எழுத்துகள். ஒற்றைக் கொம்பு, இரட்டைக் கொம்பு, உகர ஊகாரக் குறிகள் என்பவற்றில் தடுமாற்றம் தரம் 3 தொடக்கத்தில் இருக்கலாம். ல, ள, ழ வேறுபாடும் ர, ற வேறுபாடும் இன்னும் சில காலம் குழப்பும். ஆனால் ஆண்டு முடிவில் ஒவ்வோர் எழுத்தாகக் கூட்டி வாசிக்கும் நிலையில் பிள்ளை இருந்தால், அது தனிக் கவனம் வேண்டிய பிள்ளை.

எழுத்தில் இன்னொரு தடை உண்டு. வீட்டில் "அம்மா சொன்னவா", "அவை வந்தவை" என்று பேசும் பிள்ளை, கொப்பியில் "அம்மா சொன்னார்", "அவர்கள் வந்தார்கள்" என்று எழுத வேண்டும். பேச்சைத் திருத்தி வெட்கப்படுத்தாதீர்கள். பேச்சுத் தமிழில் கதை சொல்லத் தெரிந்த பிள்ளை எழுத்துத் தமிழுக்கு வந்துவிடும். கதையே இல்லாத பிள்ளைதான் எழுதவும் திணறும்.

கணிதமும் மொழிகளும்

தரம் 3 இல் மூன்று இலக்க எண்கள் வருகின்றன. ஒன்று, பத்து, நூறு என்ற இடப்பெறுமானம் விளங்கினால்தான் பத்தைக் கடன் வாங்கிக் கழிப்பது விளங்கும். பெருக்கலும் வகுத்தலும் வலுப்பெறும். நீளம், நிறை, நேரம், காசு என்பவையும் உண்டு. இவற்றுக்குக் கடையும் குசினியுமே நல்ல வகுப்பறை. அரை கிலோ சீனி வாங்க அனுப்பி மிச்சக் காசை எண்ணச் சொல்லுங்கள். பன்னைத் தட்டி விற்பவரும் மீன் நிறுப்பவரும் செய்கிற கணக்கு, வாய்பாட்டுக் கொப்பியில் உள்ள அதே கணக்குத்தான்.

ஆங்கிலத்தில் பெரிய எதிர்பார்ப்பு வேண்டாம். எளிய சொற்கள், சிறிய வசனங்கள், எழுத்துகளைச் சரியாக எழுதுதல் என்பவை இந்த ஆண்டுக்குப் போதும். சிறிய பாடசாலைகளில் ஆங்கில ஆசிரியர் இல்லாமலோ இடையில் மாறிப்போயோ இருக்கலாம். அப்படியானால் பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தின் ஊடாகக் கோட்டக் கல்விப் பணிமனைக்கும் வலயக் கல்விப் பணிமனைக்கும் எழுத்தில் கேளுங்கள். வாயால் சொன்னது காற்றோடு போகும்.

இரண்டாம் மொழியாகச் சிங்களம் கற்பிக்கப்படும்போது "எங்கட பிள்ளைக்கு ஏன் அது?" என்று சில வீடுகளில் கேட்கிறார்கள். அந்தக் கோபத்தின் காரணம் எனக்குத் தெரியாததல்ல. ஆனால் தமக்கு வாசிக்கத் தெரியாத சிங்களத்தில் எழுதப்பட்ட வாக்குமூலங்களில் கையெழுத்திட்ட தாய்மார் எம்மிடையே இருக்கிறார்கள். எங்கள் பிள்ளைகள் எந்தத் தாளிலும் வாசித்துவிட்டே கையெழுத்திட வேண்டும்.

"என் குடும்பம்" என்ற பக்கம்

குடும்பம், உறவினர், ஊர் பற்றிப் பேசவும் வரையவும் எழுதவும் வகுப்பில் அடிக்கடி சந்தர்ப்பம் வரும். எங்கள் வகுப்பறைகளில் மிகக் கவனமாகக் கடக்க வேண்டிய இடம் இது. இன்றைய தரம் 3 பிள்ளைகள் 2009 மே மாதத்துக்கு எட்டு, ஒன்பது வருடங்களின் பின் பிறந்தவர்கள். ஆனால் சுவரில் மாலை போட்ட படங்களையும் மாலை போடாமல் வைத்திருக்கும் படங்களையும் பார்த்தே வளர்கிறார்கள். 2017 பெப்ரவரி 20 அன்று கிளிநொச்சி கந்தசுவாமி கோவில் முன்பாகக் காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவுகள் தொடங்கிய போராட்டத்துக்கு ஏறக்குறைய இந்தப் பிள்ளைகளின் வயதுதான். அம்மம்மாவின் மடியில் இருந்து அந்தப் படங்களைப் பார்த்த பிள்ளைகளும் என் வகுப்பில் இருந்திருக்கிறார்கள்.

ஏழு, எட்டு வயதில், இறந்தவர் திரும்பி வரமாட்டார் என்பது பிள்ளைக்கு ஓரளவு விளங்கத் தொடங்குகிறது. அதனால் கேள்வியும் கூர்மையாக வரும்: "மாமா செத்துப்போனவரோ, இல்லையோ?"

பதில் சுருக்கமாகவும் உண்மையாகவும் இருக்கட்டும். இறந்தவர் என்றால் இறந்தவர் என்றே சொல்லுங்கள். "வெளிநாடு போயிட்டார்" என்று சொன்னால், பிறகு உண்மை தெரியவரும்போது பிள்ளை உங்கள் மற்றப் பேச்சையும் நம்பாது. காணாமல் ஆக்கப்பட்டவர் என்றால், "எங்கே என்று எங்களுக்கும் தெரியாது, நாங்கள் தேடிக்கொண்டிருக்கிறோம்" என்பதே உண்மை. அதைப் பிள்ளையால் தாங்க முடியும். பெரியவர்கள் முகத்தைத் திருப்பிக்கொள்வதைத்தான் தாங்காது. குண்டு, காயம், இரத்தம் பற்றிய விபரங்கள் இந்த வயதுக்கு வேண்டாம். அவர் எப்படி இருந்தார், என்ன பாட்டுப் பாடுவார், எந்தச் சாப்பாடு பிடிக்கும் என்பவற்றைச் சொல்லுங்கள்.

அப்பா இல்லாத பிள்ளை, அம்மம்மாவிடம் வளரும் பிள்ளை, அம்மா மத்திய கிழக்கில் வேலை செய்யும் பிள்ளை என்றால், அதை ஆண்டு தொடக்கத்திலேயே வகுப்பாசிரியரிடம் தனியாகச் சொல்லிவையுங்கள். மற்றப் பிள்ளைகளின் முன்னால் கேட்கக்கூடாத கேள்வி எது என்று ஆசிரியருக்குத் தெரிந்திருக்கும்.

பெற்றோரின் மூன்றாம் ஆண்டு

"எனக்கே ஒழுங்காக எழுத வராது ரீச்சர், நான் எப்படிச் சொல்லிக்கொடுக்கிறது?" வருடந்தோறும் கேட்கும் வார்த்தை இது. கணக்குப் பார்த்தால் காரணம் விளங்கும். 1987 இல் யாழ்ப்பாணத்தில் பிறந்தவர் மூன்றாம் ஆண்டு படித்தது 1995 இல். அந்த வருடம் ஒக்டோபர் 30 இல் வலிகாமமே நாவற்குழிப் பாலத்தால் நடந்தது. 1988 இல் கிளிநொச்சியில் பிறந்தவருக்கு அது 1996, கிளிநொச்சி இடம்பெயர்ந்த வருடம். 2000 இல் பிறந்த வீட்டின் கடைசிச் சித்திக்கு அது 2008. அடுத்த தை மாதம் அவர் எந்த மரத்தடியில் இருந்தார் என்று அவரையே கேளுங்கள்.

இவர்கள் படிக்காமல் விட்டவர்கள் அல்லர், படிக்க விடப்படாதவர்கள். வெட்கப்பட ஒன்றுமில்லை. பிள்ளைக்குச் சொல்லிக்கொடுப்பது ஆசிரியரின் வேலை. வீட்டாரின் வேலை வேறு. அதற்குப் பெரிய படிப்புத் தேவையில்லை:

- தினமும் 15 நிமிடம் பிள்ளை சத்தமாக வாசிக்க, பக்கத்தில் இருந்து கேளுங்கள். வாசிக்கத் தெரியாத அம்மம்மாவும் கேட்கலாம். "அதுக்குப் பிறகு என்ன நடந்தது?" என்று கேட்டால் போதும்.
- கொப்பியைத் தினமும் திறந்து பாருங்கள். விளங்காவிட்டாலும் பாருங்கள். பார்க்கப்படுகிறது என்று பிள்ளைக்குத் தெரிய வேண்டும்.
- மறிப்பு இல்லாமல் பாடசாலைக்கு அனுப்புங்கள். வயல், தோட்டம், கடல் வேலைக் காலங்களில் வாரத்துக்கு ஒரு நாள் மறிப்பது சிறிதாகத் தெரியும். கழித்தல் சொல்லிக்கொடுத்த அன்று வராத பிள்ளை வகுத்தலிலும் நிற்கும்.
- காலையில் ஏதாவது சாப்பிடக் கொடுத்து அனுப்புங்கள். பாடசாலையில் உணவு கிடைத்தாலும் முதல் பாடவேளைகள் வெறுவயிற்றில் போகக்கூடாது.
- பாடநூல் கிழிந்துவிட்டால், கல்வி வெளியீட்டுத் திணைக்களத்தின் இணையத்தளத்தில் இலவசமாகத் தரவிறக்கலாம். அருகிலுள்ள பிரதேச சபை நூலகத்தில் சிறுவர் கதைப் புத்தகம் கேளுங்கள்.

ரியூசன் வேண்டுமா?

புலமைப்பரிசில் பரீட்சைக்கு இன்னும் இரண்டு வருடங்கள் இருக்கும்போதே தரம் 3 பிள்ளைகளுக்கு மாதிரி வினாத்தாள் வகுப்புகள் தொடங்கிவிடுகின்றன. வசதி குறைந்த பிள்ளைக்கு உதவிப் பணமும் நல்ல பாடசாலைக்கு வாய்ப்பும் கொடுக்க வந்த பரீட்சை அது. கடன்பட்டு ரியூசன் காசு கட்டும் தாயைக் காணும்போது, அதன் நோக்கமே தலைகீழாகிவிட்டது என்று நினைப்பேன்.

வாசிப்பில் பின்தங்கிய பிள்ளைக்கு, அந்தக் குறையைத் தனியாகக் கவனிக்கும் ஒரு சிறு வகுப்பு உதவும். வினாத்தாளை நிரப்பும் கூட்டமான வகுப்பு உதவாது. அப்பிள்ளை விடையைப் பார்த்தெழுதவே பழகும். நன்றாக வாசிக்கும் பிள்ளைக்கோ பின்னேரம் விளையாட்டுத் தேவை. வெட்டுப்புள்ளிக்குக் கீழே எடுத்த பிள்ளைக்கும் தரம் 6 இருக்கிறது, உயர்தரம் இருக்கிறது, பல்கலைக்கழகமும் இருக்கிறது. எட்டு வயதில் "நான் மொக்கு" என்று நம்பிவிட்ட பிள்ளைக்குத்தான் வழி அடைபடும்.

எப்போது உதவி கேட்பது?

இரண்டாம் தவணை முடிவில் ஒரு முறை நின்று பாருங்கள். எழுத்துகளை இன்னும் மாறிமாறி எழுதுகிறதா? கரும்பலகையைப் பார்க்கக் கண்ணைச் சுருக்குகிறதா? கூப்பிட்டால் திரும்புவதில்லையா? இரவில் சலம் போவது மீண்டும் தொடங்கியிருக்கிறதா? சண்டை பிடிக்கிறதா, அல்லது பேசாமலே இருக்கிறதா?

கண்ணும் காதும் முதலில். பெரிய பாடசாலைகளில் சுகாதாரப் பகுதியினரின் மருத்துவப் பரிசோதனை 1, 4, 7, 10 ஆம் தரங்களுக்கே நடப்பதால் தரம் 3 பிள்ளை விடுபடலாம். சந்தேகம் வந்தால் அடுத்த வருடம் வரை காத்திராமல் அரசாங்க வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்லுங்கள். ஒரு மூக்குக்கண்ணாடியோடு "மக்குப் பிள்ளை" கெட்டிக்காரப் பிள்ளையானதை நான் ஒன்றுக்கு மேற்பட்ட முறை பார்த்திருக்கிறேன். கண்ணும் காதும் சரியென்றால், விசேட கல்விக்குப் பொறுப்பானவரை வலயக் கல்விப் பணிமனையில் சந்திக்கலாம்.

பாடசாலையில் பிள்ளைக்கு அடிப்பதைக் கல்வி அமைச்சின் சுற்றறிக்கை தடைசெய்கிறது. அடி, துன்புறுத்தல் பற்றிப் பிள்ளை சொன்னால் நம்புங்கள். முதலில் அதிபரிடம் பேசுங்கள். பயன் இல்லையென்றால் தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையின் 1929 இலக்கத்துக்கு அழைக்கலாம்.

ஆண்டு முடிவில்

தேர்ச்சி அறிக்கையில் எத்தனையாம் பிள்ளை என்று தேடாதீர்கள். புதிய பந்தியை வாசித்துச் சொல்ல முடிகிறதா, தானே யோசித்து ஐந்தாறு வசனம் எழுத முடிகிறதா, மூன்று இலக்கத்தில் கூட்டிக் கழிக்க முடிகிறதா, தெரியாததைத் தெரியாது என்று பயமில்லாமல் கேட்க முடிகிறதா? இந்த நான்குக்கும் ஆம் என்றால் தரம் 3 நன்றாகவே போயிருக்கிறது. ஏதாவது ஒன்றுக்கு இல்லையென்றால், மார்கழி விடுமுறையில் அந்த ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு தினமும் 15 நிமிடம் இருங்கள். தரம் 4 அதே முதன்மை நிலைதான். எட்டிப்பிடிக்க இன்னும் ஒரு வருடம் இருக்கிறது.