வலியும் ஒளியும்: பேறுகால நோவுத் தணிப்பின் வரலாறு

திருக்குறளின் 48ஆம் அதிகாரம் 'வலியறிதல்'. அங்கு வலி என்பது ஆற்றலைக் குறிக்கும். பழந்தமிழில் பிணியையும் துன்பத்தையும் ஒருங்கே சுட்டிய சொல் 'நோய்'. இன்று நோய் பிணியோடு நின்றுவிட்டது. ஆற்றலைச் சுட்டிய வலியே வருத்தத்தின் பெயராயிற்று. மலாய்மொழியின் 'சாக்கிட்' நம் பழைய 'நோயை'ப் போலப் பிணியையும் வருத்தத்தையும் ஒரு சொல்லிலேயே அடக்குகிறது. செலாயாங்கிலோ கிள்ளானிலோ மகப்பேற்று அறைக்குச் செல்லும் தமிழ்த்தாய் இவ்விரு மொழிகளுக்கிடையேதான் தன் வருத்தத்தை எடுத்துரைக்கிறாள். ஆகவே நோவுத் தணிப்பின் வரலாற்றை மொழியாய்வாளராகிய நாமும் நோக்குதல் தகும்.

நம் பெண்டிர் வழக்கில் 'சூட்டு வலி' என்றொரு தொடர் உண்டு. வந்து மறையும் பொய்வலியை அது குறிக்கும். சீரகக் கசாயம் குடித்தால் அடங்கிவிடும் என்பர். அடங்காது மேலும் மேலும் நெருங்கி வருவதே மெய்யான 'இடுப்பு வலி'. இச்சொற்பாகுபாடே ஒரு நோயறி முறையாகும். ஒத்தடமும் இடுப்பு நீவுதலும் மருத்துவச்சியர் கைக்கொண்ட தணிப்புகள். மலாய் மகளிர் பேற்றுக்குப் பின் சூடேற்றிய கல்லைத் துணியில் சுற்றி வயிற்றில் வைக்கும் 'பெர்துங்கு' முறையும் இவ்வெப்ப மருத்துவத்தோடு ஒப்புநோக்கத்தக்கது.

மருந்தின் வரலாறு வேறு வழியில் சென்றது. சென்னை எழும்பூரில் மகப்பேற்று மருத்துவமனை 1844-இல் தோன்றிற்று. மூன்றாண்டு கழித்து, 1847-இல், எடின்பரோவில் சேம்சு யங் சிம்சன் பேறுகாலத்தில் ஈதரையும் பின்னர்க் குளோரோஃபார்மையும் பயன்படுத்தினார். பெண் நொந்து பெறுவாள் என்னும் மறைமொழியைக் காட்டிச் சிலர் தடுத்தபோது, அங்குள்ள எபிரேயச் சொல் நோவைக் குறிப்பதன்று, முயற்சியையும் உழைப்பையும் குறிப்பது எனச் சிம்சன் வாதிட்டார். தமிழில் ஆற்றலின் பெயர் நோவுக்கு வந்தது. அவரோ நோவின் பெயரில் ஆற்றலைக் கண்டார். 1853-இல் விக்டோரியா அரசியார் குளோரோஃபார்மை ஏற்றபின் எதிர்ப்பு தளர்ந்தது.

மருந்தில்லா வழியை நாடியோரும் இருந்தனர். அச்சமே நோவைப் பெருக்குகிறது என்று கிராண்ட்லி டிக்-ரீடு 1933-இல் எழுதினார். பிரெஞ்சு மருத்துவர் இலமாசு, 1951-இல் சோவியத்து நாட்டில் கண்ட முறையைப் பாரிசில் மூச்சுப்பயிற்சியாக வளர்த்தார். 1974-இல் இலெபுவாயே, பேற்றறையின் கண்கூசும் விளக்குகளைத் தணிக்கச் சொன்னார். அவர் முதன்மையாக எண்ணியது பிறக்கும் குழந்தையை. ஆயினும் இருளில் சுரக்கும் மெலட்டோனின், கருப்பையைச் சுருக்கும் ஆக்சிடோசினோடு இணைந்து செயற்படுவதைப் பிற்கால ஆய்வுகள் காட்டின.

ஒளியைக் குறைப்பது ஒருபுறம். ஒளியையே மருந்தாக்குவது மறுபுறம். தோல் காசநோயை ஒளியால் தீர்த்த பின்சன் 1903-இல் நோபல் பரிசு பெற்றார். 1956 அளவில் இங்கிலாந்தின் இராச்சுஃபோர்டு மருத்துவமனையில், வெயில் பட்ட குழந்தையின் மஞ்சள் நிறம் வெளிறுவதைச் செவிலியர் சீன் வார்டு கண்டார். மஞ்சள் காமாலை கண்ட பச்சிளங்குழந்தைகளை இன்று நீல விளக்கின்கீழ்க் கிடத்துவது அதன் விளைவே. 1967-இல் புடாபெசுட்டில் எண்டிரே மெசுட்டர், மெல்லிய சிவப்பு லேசர் ஒளி உயிரணுக்களைத் தூண்டுவதைக் கண்டார்.

அந்த வழியில் வந்ததே பேற்று நோவுக்கான ஒளிச்சிகிச்சை. பேற்றின் முதற்கட்ட நோவு, கீழ்மார்பு, மேலிடுப்பு நரம்புகள் வழியே தண்டுவடத்தை அடைகிறது. அப்பகுதியில் முதுகின்மேல் செவ்வொளியோ அகச்சிவப்பொளியோ பாய்ச்சி நரம்பின் செயலைத் தணிக்கலாம் என்பதே கருத்து. ஆய்வுகள் இன்னும் சிறியன. உலக நலவாழ்வு நிறுவனம் 2018-இல் வெளியிட்ட பேறுகாலப் பரிந்துரைகளில் மூச்சுப்பயிற்சியும் நீவுதலும் வெப்ப ஒத்தடமும் உள்ளன, எபிடியூரல் போன்ற மருந்துவழிகளும் உள்ளன, ஒளிச்சிகிச்சை இல்லை. மருத்துவச்சியின் ஒத்தடம் அடைந்த இடத்தை ஒளி இன்னும் அடையவில்லை.

இவ்வரலாற்றில் மும்முறை பெண்ணின் சொல் புறந்தள்ளப்பட்டது. பொறுத்துக்கொள் என்றது பழமை. மயக்கத்தில் கிட என்றது மருந்து. நோவு உன் அச்சத்தின் விளைவு என்றது மருந்தில்லா வழி. நாளை ஒளிவிளக்கைக் காட்டி, "இது போதும், வேறு மருந்து வேண்டா" என்று கூறினால் அது நான்காம் பிழையாகும். மருந்தில்லா வழி தாய்க்கு ஒரு தெரிவாக இருக்கலாம், மறுப்பாக இருத்தலாகாது.

ஆசிரியப் பெருமக்களும் மாணவரும் செய்யத்தக்கது ஒன்றுண்டு. உங்கள் பாட்டியர் பேறுகாலத்திற்கு வழங்கிய சொற்களைக் கேட்டுத் தொகுங்கள். ஒவ்வொன்றுக்கும் மலாய்மொழியில் விளக்கம் எழுதுங்கள். 'சூட்டு வலி'க்கும் 'இடுப்பு வலி'க்கும் உள்ள வேறுபாடு 'சாக்கிட்' என்னும் ஒரு சொல்லில் கரைந்துபோகாதிருக்க அத்தொகுப்பு துணைசெய்யும். எவ்வகைச் சிகிச்சையாயினும், தாய் சொல்வதைச் சரியாகக் கேட்ட பின்னரே அது தொடங்குதல் வேண்டும்.